முல்லர் செல்லின் வேலை

விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணை மூடினால் கண்ணுக்கு ஓய்வு என்று நினைக்கிறோம். இமைக்கும் கண் தசைகளுக்கும் வேண்டுமானால் அது ஓய்வு. விழித்திரைக்கு இல்லை. கண்ணின் பின்சுவரில் படிந்திருக்கும் அந்த மெல்லிய நரம்புப் படலத்தின் வெளியடுக்கு, பகலைவிட இருட்டில்தான் அதிக ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. ஒளியை உணரும் குச்சி செல்களும் கூம்பு செல்களும் இருட்டில் குளூட்டமேட் என்னும் ரசாயனத்தை விடாமல் கசியவிட்டுக்கொண்டிருக்கின்றன. வெளிச்சம் பட்டால் கசிவு குறையும். அந்தக் குறைவைப் பார்த்துத்தான் அடுத்த வரிசையில் இருக்கும் இருமுனை செல்கள் ஒளி வந்ததைத் தெரிந்துகொள்கின்றன. வெளிச்சம் பட்டதும் செல் தூண்டப்படும் என்றுதான் நாமெல்லாம் பள்ளியில் படித்திருப்போம். உண்மை அதற்குத் தலைகீழ்.

டீ வருவதற்குள் ஒரு கேள்வி. இரவெல்லாம் கசிகிற அந்தக் குளூட்டமேட் எங்கே போகிறது?

அங்கேயே தேங்கினால் இரண்டு தொல்லை. வெளிச்சம் வந்து கசிவு குறைந்தாலும் பழைய சரக்கு மிச்சம் கிடக்கும். குறைந்தது இருமுனை செல்லுக்குத் தெரியவே தெரியாது. இரண்டாவது தொல்லை பெரிது. அளவு மீறினால் குளூட்டமேட் நரம்பு செல்லையே கொன்றுவிடும். 1957இல் லூக்காஸ், நியூஹவுஸ் என்ற இருவர் எலிக்குஞ்சுகளுக்கு சோடியம் குளூட்டமேட்டை ஊசி மூலம் ஏற்றிப் பார்த்தார்கள். விழித்திரையின் உள்ளடுக்குகள் சிதைந்துபோயிருந்தன. சோடியம் குளூட்டமேட் என்றால் வேறொன்றுமில்லை, நம் கடைகளில் கிடைக்கும் அஜினோமோட்டோதான். ஃப்ரைட் ரைஸ் தின்றால் கண் போய்விடும் என்று இதை வைத்து வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட வேண்டாம். அங்கே நடந்தது பிறந்த குஞ்சுகளுக்குப் பெரிய அளவில் போட்ட ஊசி. நாம் சாப்பிடுவதில் பெரும்பகுதியைக் குடலே செலவழித்துவிடும். வளர்ந்தவர்களின் விழித்திரைக்கும் ரத்தத்துக்கும் நடுவே காவலும் உண்டு. கவனிக்க வேண்டியது வேறு: இவ்வளவு ஆபத்தான பொருளை நம் விழித்திரை தன் அன்றாடப் பேச்சு மொழியாக வைத்திருக்கிறது. அதனால் அதை நொடிக்கு நொடி அள்ளி அப்புறப்படுத்த ஆள் வேண்டும்.

கல்யாணப் பந்தியில் இலை எடுப்பவர் நின்றுவிட்டால் என்ன ஆகும்? சமையல்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அடுத்த பந்தி உட்கார முடியாது. விழித்திரையில் இலை எடுக்கிற வேலை முல்லர் செல்லுக்கு. குச்சியும் கூம்பும் தாம் விட்டதில் கொஞ்சத்தைத் தாமே திரும்ப இழுத்துக்கொள்ளும் என்றாலும், பெரும்பங்கு முல்லர் செல்லுக்குள்தான் போகிறது. போனதும் அங்கே அம்மோனியாவோடு சேர்ந்து குளூட்டமின் ஆகிறது. பெயரின் கடைசிதான் மாறுகிறது, குணம் முழுக்க மாறிவிடுகிறது. குளூட்டமினுக்கு நரம்பு செல்லைத் தூண்டும் சக்தி கிடையாது, கொல்லும் சக்தியும் கிடையாது. எனவே தைரியமாக வெளியே விடலாம். நரம்பு செல்கள் அதை வாங்கி மறுபடியும் குளூட்டமேட்டாக்கிக்கொள்கின்றன.

இந்த மாற்றத்தைச் செய்யும் நொதி விழித்திரையில் முல்லர் செல்லில் மட்டுமே இருக்கிறது என்று 1977இல் எலி விழித்திரையில் காட்டினார்கள். அதன்பின் கொஞ்சம் கொடூரமான, ஆனால் தெளிவான சோதனை ஒன்று நடந்தது. அந்த நொதியை மருந்து கொடுத்து முடக்கினால் என்ன ஆகும்? பௌ, ராபின்சன் என்ற ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 1994இல் வெளியிட்ட முடிவின்படி, இருமுனை செல்களிலும், மூளைக்குச் செய்தி அனுப்பும் கேங்க்லியன் செல்களிலும் இருந்த குளூட்டமேட் காலியாகிவிட்டது. அந்த நரம்பு செல்களில் எந்தக் கோளாறும் இல்லை. சரக்கு வரவில்லை, அவ்வளவுதான். பிறகு எலிகளில் இதையே செய்தபோது ஒளிக்கு விழித்திரை காட்டும் மின் எதிர்வினை சீக்கிரமே மங்கிப்போனது. பார்ப்பதற்கான செல்கள் அத்தனையும் உயிரோடிருக்க, பார்வை மட்டும் இல்லை.

முல்லர் செல் கிளையா என்னும் இனத்தைச் சேர்ந்தது, நரம்பு செல் அல்ல. கிளையா செல்களைப் பாடநூல்கள் 'துணை செல்கள்' என்று ஒதுக்கிவைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எலிதான் ஞாபகம் வரும்.

சரி, யார் இந்த முல்லர்? ஹைன்ரிக் முல்லர், ஜெர்மனியின் வுர்ட்ஸ்பர்க் நகரத்து உடற்கூறியலாளர். 1820இல் பிறந்து 1864இல் இறந்துவிட்டார், நாற்பத்து நான்கு வயதுகூட நிறைந்ததோ இல்லையோ. 1851இல் விழித்திரையைக் குறுக்கே வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, படலத்தை ஊடுருவி மேலிருந்து கீழ்வரை ஓடும் நார்களை வர்ணித்தார். அந்த நார்கள்தான் இன்று அவர் பெயரில் இருக்கும் செல்கள். அதே மனிதர் இன்னொரு காரியமும் செய்தார், அதுவும் எனக்குப் பிடித்தமானது. சிறு வெளிச்சத்தைக் கண்ணின் ஓரத்தில் அசைத்தால், நம் சொந்த விழித்திரையின் ரத்தக் குழாய்கள் மரக்கிளை மாதிரி நிழலாகத் தெரியும். வெளிச்சம் நகர நகர நிழல் எவ்வளவு நகர்கிறது என்று அளந்து, ரத்தக் குழாய்க்கும் ஒளியை உணரும் இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று அவர் கணக்குப் போட்டார். விடை, ஒளியை உணர்வது விழித்திரையின் கடைசி அடுக்கு என்பது. அதாவது நம் விழித்திரை பின்பக்கம் முன்பக்கமாகத் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது. ஒளி முதலில் நரம்பிழைகள், கேங்க்லியன் செல்கள், இருமுனை செல்கள் எல்லாவற்றையும் கடந்துதான் குச்சிக்கும் கூம்புக்கும் போய்ச் சேர வேண்டும்.

கடக்க வேண்டிய தூரம் கால் மில்லிமீட்டர் அளவுதான். அந்தக் கால் மில்லிமீட்டரையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தொட்டுக்கொண்டு நிற்பது முல்லர் செல் மட்டும்தான். கண்ணின் நடுவிலுள்ள ஜெல்லைப் பார்த்த பக்கம் அதன் பாதம் புனல் வாயாக விரிந்திருக்கும். மேலே ஏறும் தண்டு வழியெல்லாம் பக்கக் கிளைகளை விட்டு, நரம்பு செல்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களைச் சுற்றிப் படர்ந்திருக்கும். மறுகோடியில் குச்சி, கூம்புகளோடு இறுகப் பிணைந்திருக்கும். மனிதக் கண் ஒன்றில் எண்பது லட்சத்திலிருந்து ஒரு கோடிவரை முல்லர் செல்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியிருக்கும் பத்துப் பதினைந்து நரம்பு செல்களுக்குப் பொறுப்பு.

கண் ஆஸ்பத்திரியில் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்திருக்கிறீர்களா? சாம்பல் நிறத்தில் அடுக்கடுக்காக ஒரு படம் தருவார்களே, அதில் கூம்பு செல்களின் அடுக்கையொட்டி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரியும். வெளி எல்லைச் சவ்வு என்று அதற்குப் பெயர். உண்மையில் அது சவ்வே இல்லை. முல்லர் செல்களும் ஒளி உணர் செல்களும் கைகோத்துக்கொள்ளும் பிணைப்புகள் வரிசையாக அமைந்து கோடாகத் தெரிகின்றன. கோடு அறுபடாமல் இருக்கிறதா என்று டாக்டர்கள் உற்றுப் பார்ப்பது அதனால்தான். மறுபக்கத்தில், ஜெல்லைப் பார்த்த பக்கம், முல்லர் செல்களின் பாதங்களுக்கு அடியில் நிஜமான சவ்வு ஒன்று உண்டு. விழித்திரையின் மையப் பகுதியான மேக்குலாவில் துளை விழுந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்யும்போது நீலச் சாயம் ஊற்றி, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனமுள்ள இந்தச் சவ்வைத்தான் இடுக்கியால் உரித்தெடுப்பார்கள். உரித்ததை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் பிய்ந்துவந்த முல்லர் பாதங்களின் துணுக்குகள் ஒட்டியிருப்பதும் உண்டு.

குளூட்டமேட்டுக்கு அடுத்தது பொட்டாசியம். நரம்பு செல் ஒவ்வொரு முறை வேலை செய்யும்போதும் கொஞ்சம் பொட்டாசியத்தை வெளியே விடுகிறது. செல்களுக்கு நடுவேயுள்ள இடுக்கு மிகக் குறுகல். சிறிதளவு பொட்டாசியம் சேர்ந்தாலே அடர்த்தி ஏறிவிடும், அக்கம்பக்கத்து செல்கள் காரணமில்லாமல் பரபரக்கத் தொடங்கும். இதையும் முல்லர் செல்தான் உறிஞ்சுகிறது. உறிஞ்சியதை எங்கே கொட்டுகிறது என்பதில்தான் சுவாரசியம். அமெரிக்காவின் எரிக் நியூமன் 1984இல் சாலமாண்டர் என்ற பல்லி போன்ற நீர்நில வாழ்வியின் முல்லர் செல்லைத் தனியாகப் பிரித்தெடுத்து, அதன் உடம்பில் ஒவ்வோர் இடமாகப் பொட்டாசியத்தைப் பீய்ச்சி எங்கே அதிக மின்னோட்டம் வருகிறது என்று தேடினார். தண்டில் கொஞ்சம்தான். பாதத்தில் பீய்ச்சியதும் எகிறியது. பொட்டாசியம் போய்வரும் வாசல்களில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் அந்தப் பாதத்தில் இருந்தன. ஆக, நரம்பு செல்களின் நெரிசலில் வாங்கும் பொட்டாசியத்தைத் தன் உடம்புக்குள்ளேயே கடத்திக்கொண்டுபோய், கண் நடுவிலுள்ள ஜெல்லில் கொட்டிவிடுகிறது. நம்மைப் போன்ற பாலூட்டிகளில் ரத்தக் குழாய்ப் பக்கமும் இந்த வாசல்கள் உண்டு. கிர்4.1 என்பது அவற்றில் முக்கியமானதின் பெயர். பொட்டாசியம் போகும் இடத்துக்குத் தண்ணீரும் பின்னாலேயே போகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சர்க்கரை நோய்க்கு வரும்போது தேவைப்படும்.

இதுவரை சொன்னதில் விஞ்ஞானிகளுக்குள் பெரிய சண்டை இல்லை. இனி வருவதில் கொஞ்சம் உண்டு.

2007இல் லைப்சிக் நகர ஆராய்ச்சியாளர்கள் முல்லர் செல் உயிருள்ள ஒளியிழை என்று எழுதினார்கள். கினிப் பன்றியின் விழித்திரையிலிருந்து முல்லர் செல் ஒன்றைப் பிரித்தெடுத்து, எதிரெதிரே நிறுத்திய இரண்டு கண்ணாடி இழைகளின் நடுவே லேசரால் பிடித்து நிறுத்தினார்கள். நடுவில் செல் இல்லாதபோது ஓர் இழையிலிருந்து வரும் ஒளி பரந்து சிதறி மறு இழைக்குக் கொஞ்சமாகத்தான் போய்ச் சேர்ந்தது. செல்லை வைத்ததும் கூடுதலாகச் சேர்ந்தது. திருப்பி மாட்டப்பட்ட விழித்திரைக்கு இது ஒரு பதில்: வழியிலுள்ள செல்களில் மோதிச் சிதறாமல் ஒளியைப் புனல் வாயில் வாங்கிக் கீழே கூம்பின் வாசலில் கொண்டுவிடுகிறது முல்லர் செல். 2014இல் இஸ்ரேலியக் குழு ஒன்று இன்னும் ஒருபடி போய், பச்சை, சிவப்பு ஒளி முல்லர் செல்லுக்குள் அதிகம் தங்கிக் கூம்புக்குப் போகிறது, நீலம் கசிந்து பக்கத்துக் குச்சிகளுக்குப் போகிறது என்று காட்டியது.

அழகான முடிவு. அழகாக இருப்பதாலேயே கொஞ்சம் கூடுதலாகப் பரவிவிட்டது என்பது என் எண்ணம். நாம் எழுத்துப் படிப்பது விழித்திரையின் நடுக்குழியில். அங்கே இயற்கை உள்ளடுக்குகளையே ஓரமாக ஒதுக்கிவைத்திருக்கிறது. முல்லர் செல்களும் சாய்வாக ஓடுகின்றன. ஆகவே மிகக் கூர்மையான பார்வைக்கு இந்த ஒளியிழை ஏற்பாட்டின் பங்கு எவ்வளவு என்பதை, நடுக்குழியே இல்லாத கினிப் பன்றியை வைத்துச் சொல்லிவிட முடியாது.

சாப்பாட்டு விஷயத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. முல்லர் செல் சர்க்கரையை லேக்டேட்டாக உடைத்து ஒளி உணர் செல்களுக்கு ஊட்டுகிறது என்று 1995இல் ஜெனீவாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அம்மா பிள்ளை படம் போட்டுப் பாடநூல்களும் வரைந்துகொண்டன. 2014இல் அமெரிக்காவின் சியாட்டில் குழு எலியின் முல்லர் செல்லைப் பார்த்தால், சர்க்கரையை உடைக்கும் கடைசிப் படிக்கான நொதியே அதில் ஏறக்குறைய இல்லை. லேக்டேட்டை உற்பத்தி செய்வது ஒளி உணர் செல், சாப்பிடுவது முல்லர் செல் என்று கதை திரும்பியது. யார் யாருக்கு ஊட்டுகிறார்கள் என்பதில் பிராணிக்குப் பிராணி வித்தியாசம் இருக்கலாம். 'துணை' என்றால் ஒருவழிப் பாதை என்று நினைத்துக்கொண்டதுதான் இங்கே வம்பு.

இன்னொரு டீ சொல்லுங்கள். அடுத்தது, முல்லர் செல் பதில் பேசுமா என்பது.

நியூமனும் ஸாஸும் 1997இல் எலி விழித்திரையில் கால்சியத்தைக் காட்டும் சாயத்தை ஏற்றி, கண்ணாடி ஊசி நுனியால் ஒரு கிளையா செல்லை லேசாகத் தொட்டார்கள். தொட்ட இடத்திலிருந்து கால்சிய அலை கிளம்பிச் செல்லுக்குச் செல் தாவிப் பரவியது. நரம்புச் செய்தியின் வேகத்தோடு பார்த்தால் நத்தை. நொடிக்கு இருபது மைக்ரோமீட்டர் சொச்சம். அடுத்த வருடம் கேங்க்லியன் செல்களில் மின்முனை வைத்துக் காத்திருந்தார்கள். அலை வந்து சேர்ந்ததும் சில செல்களின் துடிப்பு குறைந்தது, சிலவற்றில் கூடியது. 2003இல் ஒரு வழி பிடிபட்டது: கிளையா செல் ஏ.டி.பி. என்ற ரசாயனத்தை வெளியே விடுகிறது, அது அடினோசினாக உடைந்து கேங்க்லியன் செல்லை அடக்குகிறது. இதைக் கேட்டவுடன் கிளையாவும் சிந்திக்கிறது என்று எழுதியவர்கள் உண்டு. அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். ஊசியால் தொட்டால் நடப்பது வேறு, தெருவைப் பார்க்கும்போது நடப்பது வேறு. மினுக்கு வெளிச்சம் காட்டினாலே முல்லர் செல்களில் கால்சியம் ஏறுகிறது என்று 2005இல் காட்டப்பட்டதால் இந்த எதிர்ப்பு கொஞ்சம் தளர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இதில் உறுதியான பகுதி ரத்த ஓட்டம். நரம்பு செல்கள் சுறுசுறுப்பாகும்போது அந்த இடத்துக்கு ரத்தம் கூட வேண்டும். கேட்டு வாங்கித் தருவதில் கிளையாவுக்குப் பங்கு உண்டு. அதன் பாதங்கள் ஒருபக்கம் நரம்பையும் மறுபக்கம் குழாயையும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. மினுக்கு வெளிச்சம் காட்டினால் நல்ல கண்ணில் குழாய் விரியும். சர்க்கரை நோயாளிகளிடம் அந்த விரிவு குறைந்துபோகிறது.

சர்க்கரைக்கு வந்துவிட்டோம். சர்க்கரை நோயில் கண் கெடுவதை ரத்தக் குழாய் நோய் என்றே பழகிவிட்டோம், ஏனென்றால் டாக்டர் படத்தில் காட்டுவது ரத்தக் கசிவும் புள்ளிகளும். ஆனால் சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளில் பார்த்தால், முல்லர் செல்களில் அந்தப் பொட்டாசிய வாசல்கள் குறைகின்றன, இடம் மாறுகின்றன. பொட்டாசியம் போகாவிட்டால் தண்ணீரும் போகாது, செல் வீங்கும். பார்வையை மங்கவைக்கும் மேக்குலா வீக்கத்தில் குழாயிலிருந்து கசியும் நீரோடு, வடித்துவிட வேண்டியவர் வடிக்காத நீரும் சேர்கிறது. வீக்கத்துக்குக் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்து வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தை எதிர்க்கிறது. அந்தப் புரதத்தைத் தயாரிப்பவற்றில் முக்கியமானது முல்லர் செல்லேதான்: முல்லர் செல்லில் மட்டும் அந்த மரபணுவை நீக்கிய எலிகளுக்குச் சர்க்கரை வந்தபோது குழாய்க் கசிவு குறைவாக இருந்தது என்று 2010இல் தெரிந்தது. மூச்சுமுட்டும் நரம்பு செல்களுக்காக ரத்தம் கேட்டுக் கூப்பாடு போடுகிற செல், அந்தக் கூப்பாட்டாலேயே வீட்டை வெள்ளத்தில் மூழ்கடிக்கிறது.

முல்லர் செல்லே முதலில் விழும் நோயும் இருக்கிறது. மேக்டெல் இரண்டாம் வகை என்பார்கள். நடுவயதில் மெல்ல ஆரம்பிக்கும், அபூர்வமானது. இறந்தவர் ஒருவரின் கண்ணை 2010இல் ஆராய்ந்தபோது மேக்குலாவில் முல்லர் செல்களின் அடையாளங்களே அழிந்திருந்தன. செரின் என்ற அமினோ அமிலம் உடம்பில் குறைவாக இருப்பதோடு இந்நோய்க்குத் தொடர்பு உண்டு என்று 2019இல் தெரிந்தது. முல்லர் செல்களை மட்டும் குறிவைத்துக் கொன்று சிட்னியில் 2012இல் செய்த எலிச் சோதனையும் இதோடு ஒத்துப்போகிறது: ஒளி உணர் செல்கள் சாகின்றன, குழாய்கள் கசிகின்றன. மேக்டெல்லுக்கான முதல் சிகிச்சையை, நரம்பைக் காக்கும் புரதத்தைச் சுரக்கும் குட்டிக் குப்பி ஒன்றைக் கண்ணுக்குள் பொருத்தும் முறையை, அமெரிக்கா 2025இல் அனுமதித்தது.

விழித்திரையில் மற்ற கிளையா செல்களும் இருக்கின்றன. ஆஸ்ட்ரோசைட்டுகள் பார்வை நரம்பு வழியாகக் குடிவந்தவை, ரத்தக் குழாய் இருக்கும் இடத்தில்தான் இருக்கும். மைக்ரோகிளியா காவலும் துப்புரவும் பார்ப்பவை. அவற்றை முழுதாக நீக்கிய எலிகளில் நரம்பு செல்களின் இணைப்புகள் நாளடைவில் நலிந்தன. மாலைக்கண்ணில் தொடங்கிப் பார்வையைப் பறிக்கும் பரம்பரை நோயுள்ள எலிகளிலோ, அதே மைக்ரோகிளியா இன்னும் உயிரோடிருக்கும் குச்சி செல்களையே விழுங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். இவற்றுக்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

முல்லர் செல்லில் இன்னொன்று பாக்கி. 1987இல் டர்னர், செப்கோ இருவரும் வளரும் எலியின் விழித்திரையில் தாய் செல்களுக்கு வைரஸால் அடையாளம் வைத்து, அவற்றின் வாரிசுகளைத் தேடினார்கள். ஒரே தாய் செல்லிலிருந்து குச்சி செல்லும் முல்லர் செல்லும் பிறந்திருந்தன. கூடப்பிறந்தவர்கள். வரிக்குதிரை மீன் இந்த உறவை மறக்கவில்லை. அதன் விழித்திரை அடிபட்டால் முல்லர் செல் இளமைக்குத் திரும்பி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பெருகி இழந்த நரம்பு செல்களாகிறது. மீனுக்குப் பார்வை திரும்புகிறது. நமக்கு அடிபட்டால் முல்லர் செல் தழும்பு போடுவதோடு சரி.

எலியிலும் தட்டி எழுப்பலாம் என்று 2017இல் சியாட்டிலைச் சேர்ந்த தாமஸ் ரே குழு காட்டியது. ஏ.எஸ்.சி.எல்.1 என்ற மரபணுவை முல்லர் செல்லில் இயக்கி, மரபணுக்களின் பூட்டைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்தால், வளர்ந்த எலியிலும் அது இருமுனை செல் போன்ற நரம்பு செல்லாகிறது. ஒளிக்குப் பதிலும் தருகிறது. ஆனால் அங்கே பெரும்பாலும் பிரிதல் நடப்பதில்லை. முல்லர் செல்லே நேராக நரம்பு செல்லாக மாறிவிடுகிறது. மீனில் பிரிந்த இரண்டில் ஒன்று முல்லர் செல்லாகவே நின்றுகொண்டது. எலியில் நரம்பு செல் ஒன்று கூடும்போது, குளூட்டமேட்டை அள்ளவும் பொட்டாசியத்தைக் கடத்தவும் இருந்த ஆளில் ஒன்று குறைகிறது. முதலில் பிரியவைத்து, பிறகு ஒன்றை மட்டும் மாற்றுவது எப்படி என்பதில்தான் அந்த ஆய்வகங்கள் இப்போது மெனக்கெட்டுக்கொண்டிருக்கின்றன.